தட்டைத் திருப்பிப் போடு

மகளே,

கலியாண மண்டபத்தில் பாட்டுப் போடுகிறவனிடம் நீ என்ன கேட்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியக்கூடாது என்று நீ ஒளித்து வைத்ததை, உன் பெரியம்மா கனடாவிலிருந்து தொலைபேசி எடுத்து முழுக்கச் சொல்லிவிட்டாள். அவள் வாயில் எதுவும் நிற்காது. ஒரே ஒரு விஷயம் மட்டும் முப்பது வருடத்துக்கு மேல் நின்றிருக்கிறது, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். விருந்தின் நடுவில் விளக்கைக் குறைப்பீர்களாம். லூனா மெட்ராஸின் பாட்டைப் போடுவீர்களாம். உன் பெரியம்மா ஜோசி கையில் மைக்கோடு மேடைக்கு வருவாளாம். "எங்கள் குடும்பத்தின் டிஸ்கோ பாடகி" என்று நீ அறிமுகப்படுத்த, ஜெர்மன்காரர், தமிழர் எல்லோரும் எழுந்து ஆடுவார்களாம். அவள் வெள்ளி நிறத்தில் சேலைகூட வாங்கிவிட்டாள். இந்த வயதில் வெள்ளி நிறம். போகட்டும், உடம்பு அவளுடையது.

போன மாதம் உன் மாப்பிள்ளை வீட்டார் இங்கே சாப்பிட வந்தபோது நீ என்னை வைத்து ஒரு பகிடி விட்டாய், நினைவிருக்கிறதா? "அம்மா கோயிலிலை வாயை மட்டும்தான் அசைப்பா. சத்தம் வந்தா பாதர் பூசையை நிப்பாட்டிப் போடுவார்" என்று சொல்லி, பிறகு அதை ஜெர்மனிலும் சொன்னாய். அது போதாதென்று, உன் அப்பா உயிரோடு இருந்தவரைக்கும் கூட்டத்துக்குக் கூட்டம் சொன்ன கதையையும் எடுத்துவிட்டாய். பெண் பார்க்கப் போன வீட்டில் நான் பாடியதைக் கேட்டு அவருக்குத் தேத்தண்ணீர் மூக்கால் வந்த கதை. மேசையே குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உன் முகத்தைப் பார்த்தபோது, இவளை இன்னும் எத்தனை நாளைக்கு இப்படியே விடுவது என்று தோன்றியது. ஆகவே கேள். அந்த இசைத்தட்டில் பாடியவள் நான். லூனா மெட்ராஸ் என்ற பெயரில் வெளிவந்த எல்லாவற்றிலும் பாடியவள் நான். உன் பெரியம்மாவுக்கு ஒரு சுரம்கூடச் சரியாகப் பிடிக்க வராது. அவள் முகம் தந்தாள், அவ்வளவுதான்.

நாங்கள் பிராங்பேர்ட்டுக்கு வந்தது எண்பதுகளின் நடுவில். உன் பெரியம்மாவும் பெரியப்பாவும் முதலில் வந்தார்கள், பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். அகதிகள் விடுதியில் மூன்று பேருக்கும் ஒரே அறை. வேலை செய்ய அனுமதி இல்லை, மாவட்டம் தாண்டிப் போகவும் அனுமதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை ஒன்றுதான் வெளியே போக ஒரு சாட்டு. ஒரே கோயிலில் காலையில் ஜெர்மன்காரர், மத்தியானம் இத்தாலிக்காரர், அவர்கள் போன பிறகு நாங்கள். யாழ்ப்பாணத்துக் கன்னியர் மடப் பள்ளியில் பாட்டுக் குழுவில் நின்றவள் என்பதால் என்னை மேலே ஓர்கனுக்குப் பக்கத்தில் ஏற்றிவிட்டார்கள். ஒரு ஞாயிறு, தன்னுடைய பூசைக்கு நேரம் பிந்தி வந்த ஓர் இத்தாலிக்காரன் எங்களுடைய பூசையில் மாட்டிக்கொண்டு கீழே நின்று கேட்டிருக்கிறான். முடிந்ததும் படியேறி வந்து, "இப்போது பாடியது யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். ராக்கோ என்று பெயர். இத்தாலிக்காரன் என்றாலும் அமெரிக்காவில் பிறந்தவன். அமெரிக்கப் படையில் சிப்பாயாக இங்கே வந்து, படையை விட்ட பிறகும் ஊருக்குத் திரும்பாமல் ஒரு தளபாடக் கடையின் நிலவறையில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருந்தான்.

அவனுடைய தொழில் எனக்கு முதலில் விளங்கவில்லை. நியூயோர்க்கில் அவனுடைய மாமன்மாரும் அவர்களுடைய கூட்டாளிகளும் டிஸ்கோ இப்படித்தான் செய்தார்களாம். குழு என்று ஒன்று வெளியே எங்கும் இருக்காது. மேளக்காரன் ஒரு நாள் வருவான், வயலின்காரர் இன்னொரு நாள், பாடுகிறவள் வேறொரு நாள். ஒருவரை ஒருவர் கண்டிருக்கவே மாட்டார்கள். எல்லாவற்றையும் கூடத்தில் வைத்து ஒட்டிப் பாட்டாக்குவார்கள். பாட்டு ஓடத் தொடங்கிய பிறகுதான் அதற்கு ஒரு பெயரும், மேடையில் நின்று ஆட நல்ல முகங்களும் தேடுவார்கள். "பாடுகிறவள் பார்க்க எப்படி இருந்தால் என்ன, பார்க்கிறவர்களுக்கு வேறு ஆள் இருக்கிறது" என்றான் ராக்கோ. அமெரிக்காவில் சனத்துக்கு அது அலுத்துப் போய்விட்டதாம், இங்கேதான் இனி எடுபடும் என்றான். ஏமாற்றுவதாக அவனுக்குத் தோன்றவே இல்லை. தையற்கடையில் ஒருவன் வெட்ட இன்னொருவன் தைப்பதில்லையா என்று கேட்டான்.

அன்று பின்னேரம் விடுதிக் குசினியில்தான் என் குரலுக்குத் தீர்ப்பு எழுதினார்கள். ராக்கோ என்னுடைய படத்தையே இசைத்தட்டின் மட்டையில் போடலாம் என்றுதான் சொல்லியிருந்தான். உன் பெரியப்பா கேட்டதும் குதித்தார். "கலியாணம் கட்டாத பிள்ளையின்ரை படத்தை டிஸ்கோத் தட்டிலை போடேலாது. நாளைக்கு இவளை ஆர் வந்து கேப்பினம்?" ஜோசி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தாமலே, "அப்ப என்ரை படத்தைப் போடட்டும். எனக்குக் கலியாணம் முடிஞ்சுதுதானே, என்னை இனி ஆர் பாக்கப் போகினம்?" என்றாள். "அப்ப பாட்டு?" என்று கேட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "குரலுக்கு ஆர் மாப்பிள்ளை தேடுறது? நீ பாடு." எல்லோருக்கும் அது மெத்தச் சரியாகப் பட்டது. எனக்கும்தான். பேரும் கெடாது, பாடவும் செய்யலாம் என்று நினைத்தேன். ராக்கோவுக்கு இன்னும் சந்தோசம், அவனுடைய ஊர் வழக்கமே அதுதானே.

படம் எடுத்த நாளைச் சொல்கிறேன். ஜோசிக்கு வெள்ளி நிறச் சட்டை போட்டு, தலைமயிரை அவிழ்த்து விட்டு, விளக்குகளுக்கு முன்னால் நிறுத்தினார்கள். படக்காரன் கழுத்தைக் காட்டி அந்தச் சங்கிலி வேண்டாம் என்றான். அவள் தயங்குவாள் என்று பார்த்தேன். ஒரு மூச்சில் தாலிக்கொடியைக் கழற்றி என் கையில் வைத்துவிட்டு நாடியை நிமிர்த்திக்கொண்டு நின்றாள். நான் விளக்குகளுக்குப் பின்னால் அக்காவின் தாலியைப் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாழ்ப்பாணம் என்ற பெயர் ராக்கோவின் வாயில் நுழையவில்லை என்பதால் மட்டையில் மெட்ராஸ் என்று போட்டான். நாங்கள் மெட்ராஸைக் கண்ணால் கண்டதுகூட இல்லை.

மேடையில் வாயசைப்பதும் ஒரு படிப்பு. அதை அவளுக்குப் படிப்பித்ததும் நான்தான். நான் பாட, அவள் எனக்கு நேரே உட்கார்ந்து என் வாயைப் பார்ப்பாள். எங்கே மூச்சு எடுக்கிறேன், எங்கே பல் தெரிகிறது, எந்தச் சொல்லில் கண் மூடுகிறது என்று ஒவ்வொன்றாகப் பழக்கினேன். கெட்டிக்காரி, வேகமாகப் பிடித்துக்கொண்டாள். பாட்டும் பிடித்தது. பிராங்பேர்ட் நடனக்கூடங்களில் ஓடியது, வானொலியில் போட்டார்கள். விடுதிப் பெடியன்கள் அவளுடைய படத்தை அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்தார்கள். பூசைக்கு வந்த பெண்கள் "சீ, என்ன கோலமடி உது" என்று முகத்தைச் சுளித்துவிட்டு, கசெற் ஒன்று கிடைக்குமோ என்று காதோடு காதாகக் கேட்டார்கள்.

பிறகுதான் வேடிக்கை. உன் பெரியம்மா கழுத்தில் சால்வை சுற்றத் தொடங்கினாள். குளிர்ந்த தண்ணீர் குடிக்க மாட்டாள். தொண்டை கட்டிவிடுமாம்! மிளகுத் தேத்தண்ணீர் நான்தான் போட்டுக் கொடுத்தேன், அவளுக்கு. ஒரு நாள் ஒலிப்பதிவில் என்னை நிறுத்தி, "நீ அந்த இடத்திலை கொஞ்சம் கூட இழுக்கிறாய், நான் அப்பிடிப் பாட மாட்டன்" என்றாள். முதலில் ராக்கோ சிரித்தான். அடுத்த முறை அவளிடம் அபிப்பிராயம் கேட்டான். பொய்யை ஒருத்தி ஆறு மாதம் போட்டுக்கொண்டு திரிந்தால் அது அவள் அளவுக்குத் தானாகவே விரிந்து கொடுக்கும். உன் வேலை இடத்திலும் இதைக் காண்பாய், கண்டால் விலகி நில்.

அதற்குப் பிறகு கோயில். என் குரலைத் தட்டில் கேட்டுப் பழகிய சனம் கோயிலில் கேட்டால் கண்டுபிடித்துவிடும் என்று ஜோசி பயந்தாள். "பாட்டுக் குழுவாலை விலகினா ஏன் எண்டு கேப்பினம். நீ நில், ஆனா சத்தம் விடாதை. வாயை மட்டும் அசை. எனக்குப் பழக்கினனிதானே, உனக்கென்ன கஷ்டம்?" கேட்டாயா, மகளே? அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்த வித்தையை எனக்கே திருப்பிச் சொல்லித் தந்தாள். அந்த ஞாயிறிலிருந்து கடவுளுக்கு முன்னால் நான் வாயசைத்துக்கொண்டிருக்கிறேன். நீ மேசையில் வைத்துச் சிரித்தது அதைத்தான்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. அடுத்த பாட்டில் ஓர் இடத்தில் சுரத்தை நீட்டிப் பிடித்தேன். அவளுக்குப் பழக்கியது ஒரு நீளம், பதிவில் பாடியது அதைப்போல் இரண்டு மடங்கு. ராக்கோவுக்குப் பிடித்துப்போய் அப்படியே விட்டான். புதுப்பதிவை அவளுக்குப் போட்டுக் காட்ட வேண்டியது என் பொறுப்பு. நான் காட்டவில்லை. ராக்கோவின் காரில் மாவட்டம் தாண்டிக் களவாகப் போனோம். டார்ம்ஸ்டாட்டில் அமெரிக்கச் சிப்பாய்கள் நிறைந்த நடனக்கூடம். ஜோசி அந்த இடத்தில் வழக்கம்போல் வாயை மூடி, தலையைச் சாய்த்துச் சனத்தைப் பார்த்துச் சிரித்தாள். குரல் போய்க்கொண்டே இருந்தது. அவள் திரும்ப வாயைத் திறந்தபோது குரல் நின்றது. விசில் அடித்தார்கள், காகிதக் குவளைகளை எறிந்தார்கள். பின்னால் நின்று அதைப் பார்த்த எனக்கு வயிறு குளிர்ந்தது. இன்றைக்கும் நினைத்தால் குளிர்கிறது. இதற்காக நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, அவளிடமும் சரி, கடவுளிடமும் சரி. வீட்டுக்கு வந்ததும் ஜோசி, மேடையேறும்போது கழற்றித் தந்த தாலிக்கொடியை என் கையிலிருந்து பறித்து மாட்டிக்கொண்டு படுத்துவிட்டாள்.

அந்தக் கிழமைகளுக்குள்தான் உன் அப்பா வீட்டார் என்னைப் பார்க்க வந்தார்கள். மன்னாரிலிருந்து வந்த குடும்பம். உன் அப்பா, அவருடைய தாய், ஒரு தமையன். உன் அப்பாவை எனக்குக் கண்டவுடன் பிடித்துவிட்டது, அதை மறைப்பதற்கு இல்லை. தேத்தண்ணீர்த் தட்டைக் கொடுக்கும்போது "கவனம், சுடும்" என்று அவர்தான் எனக்குச் சொன்னார். தாய்க்கு மட்டையில் இருந்த வெறுங்கழுத்துப் படம் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. ஜோசியை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "தமக்கை ஆடுறது பாடுறது எல்லாம் அறிஞ்சனாங்கள். பிள்ளையும் பாடுமோ? ஒரு ஞானப்பாட்டுப் பாடுங்கோ பாப்பம்." பெண் பார்க்க வந்தால் பாடச் சொல்வது வழக்கம்தான். ஆனால் அந்த அறையில் அது வழக்கம் இல்லை, விசாரணை. நான் பாடினால் முதல் வரியிலேயே குரலைக் கண்டுபிடித்துவிடுவார்கள். டிஸ்கோவில் பாடுகிறவள் இவள்தான் என்று எழுந்து போய்விடுவார்கள்.

ஜோசி சிரித்துக்கொண்டே, "ஐயோ, இவளுக்குத் தொண்டையே இல்லை" என்றாள். "பரவாயில்லை, கோயிலிலை நிக்கிற பிள்ளைதானே, ஒரு நாலு வரி" என்றார் தாய். ஜோசி என்னைத் திரும்பிப் பார்த்தாள். டார்ம்ஸ்டாட்டில் பட்டதெல்லாம் அவள் கண்ணில் நின்றது. "பாடன்" என்றாள், மெத்தென்று. நான் பாடினேன். மாதா பாட்டு ஒன்றை, நான் பேச்சு வந்த நாளிலிருந்து பாடுகிற பாட்டை, சுருதிக்குக் கீழே இழுத்து, மேலே எட்டாமல் கீச்சிட்டு, நடுவில் மூச்சு முட்டி, வேண்டுமென்றே பிய்த்துப் போட்டேன். பிழையாகப் பாடுவது லேசு என்று நினைக்காதே. சரியான இடம் எங்கே என்று நன்றாகத் தெரிந்தவளுக்குத்தான் ஒவ்வொரு இடத்திலும் அதைத் தவறவிட முடியும். உன் அப்பாவுக்குத் தேத்தண்ணீர் மூக்கால் வந்தது அப்போதுதான். கதையை அவர் பிழையாகச் சொல்லவில்லை. அவர் சிரிக்கும்போது நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பிடித்த ஒருவருக்கு என்னிடம் இருந்த ஒரே நல்ல பொருளை உடைத்துக் காட்டிவிட்டு நின்றேன்.

சம்பந்தம் முடிந்தது. எப்படி முடிந்தது தெரியுமா? தாய் வேண்டாம் என்றுதான் நின்றாராம். உன் அப்பாதான் பிடிவாதம் பிடித்தாராம். லூனா மெட்ராஸ் என்றால் அவருக்கு உயிர், அந்தக் குரல் இருக்கிற குடும்பத்தில் கட்டுவதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றாராம். கலியாணத்துக்குப் பிறகு அவரே என்னிடம் சொன்னார், பகிடியாக. காரில் அந்தக் கசெற்தான் ஓடும். "உன்ரை அக்காவின்ரை குரல் என்ன குரலப்பா! உனக்கு அதிலை காவாசி கிடைச்சிருந்தா..." என்று சொல்லி என் துடையில் தட்டுவார். அவர் வாழ்நாள் முழுக்க என் குரலை விரும்பினார், பக்கத்தில் இருந்த என்னைப் பார்த்து இரக்கப்பட்டார். கைக்குழந்தையாக நீ அழுதால் அதே கசெற்தான். பெரியம்மாவின் பாட்டுக்குத்தான் பிள்ளை தூங்குகிறது என்று எல்லோருக்கும் சொல்வார். நீ என் மடியில்தான் கிடப்பாய்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். முதலில் உன் அப்பாவின் தாயை நினைத்துப் பயம். பிறகு, சொன்னால் பெண் பார்த்த அன்றே ஏமாற்றிவிட்டாய் என்பாரே என்று பயம். அதற்கும் பிறகு வீம்பு. ஒரு தரம், ஒரே ஒரு தரம், திரும்பவும் பாடு பார்ப்போம் என்று அவர் கேட்டிருந்தால் வாயைத் திறந்திருப்பேன். சிரித்து முடித்துவிட்டவர் ஏன் கேட்கப் போகிறார்? நாளைக்கு நீயும் ஒருவனோடு வாழப் போகிறாய். உன்னால் முடிகிற ஒன்றை முடியாது என்று அவன் முன்னால் ஒருபோதும் நடித்துக் காட்டாதே. அந்த நடிப்பை மட்டும் மனிதர் உடனே நம்பிவிடுவார்கள்.

போன கிழமை ஜோசி தொலைபேசி எடுத்தபோதும் நான் விட்டுக்கொடுக்கத்தான் இருந்தேன். "பிள்ளை ஆசைப்படுறாள். நீ ஒண்டும் சொல்லிக் கெடுத்துப்போடாதை. எனக்கும் வயசு போகுது, கடைசியா ஒருக்கா" என்றாள். சரி என்றேன். "அண்டைக்குத் தொண்டை இல்லை எண்டு சொன்னதும் உன்ரை நன்மைக்குத்தானே, அதாலைதானே உனக்குக் கலியாணம் முடிஞ்சது" என்றாள். அது பாதி உண்மை, அதனால்தான் இன்னும் எரிகிறது. அதையும் பொறுத்துக்கொண்டேன். தொலைபேசியை வைக்கப் போகும்போது, "இன்னொண்டு. நீ முன் வரிசையிலை இராதை. உன்ரை வாயைக் கண்டா எனக்குப் பதறும். பின்னாலை எங்கையாவது சாப்பாட்டுப் பக்கம் நில்லன்" என்றாள். பெற்ற பிள்ளையின் கலியாணத்தில் நான் பின்னால் நிற்க வேண்டுமாம். அவள் எனக்கு அக்காள், என்னை இந்த நாட்டுக்கு அழைப்பித்தவள், அவள் மேல் அன்பு இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நிமிடம் அன்பு ஒரு பக்கம் கிடக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

அப்பா போன தனிமையில் அம்மாவுக்குப் பொறாமை பிடித்துவிட்டது என்று நீ நினைப்பாய். நினை. நம்பச் சொல்லி நான் கெஞ்ச மாட்டேன். ஒன்றே ஒன்று செய். அந்தக் காலத்து டிஸ்கோத் தட்டுகள் எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கம். ஒரு பக்கத்தில் பாட்டு. மறுபக்கத்தில் அதே பாட்டு, குரல் இல்லாமல், வெறும் இசை மட்டும். ராக்கோவும் அப்படித்தான் போட்டான். மண்டபத்தில் பாட்டுப் போடுகிறவனிடம் இருப்பது அந்தத் தட்டுத்தான் என்று பெரியம்மாவே சொன்னாள்.

விளக்கைக் குறைக்கச் சொல். பெரியம்மாவை மேடையில் ஏற்று, நீ எழுதி வைத்திருக்கிற அறிமுகத்தை ஒரு சொல்லும் குறையாமல் வாசி. மைக்கை அவள் கையில் கொடு, அதில் சத்தம் வருகிறதா என்று நீயே தட்டிப் பார். பிறகு தட்டைத் திருப்பிப் போடச் சொல். பாடியவள் அவள்தான் என்றால் இந்த வயதிலும் நாலு வரி வரும், கரகரத்தாலும் வரும். நான் நீலச் சேலையில் முன் வரிசையில்தான் இருப்பேன், அவளுக்கு நேரே, வாயை மூடிக்கொண்டு.

அவளைப் பார்க்க உனக்குப் பாவமாக இருந்தால் மைக்கை வாங்கி என்னிடம் கொண்டு வா. ஆனால் ஓடி வராதே, மகளே. மெதுவாக நடந்து வா.

உன் அம்மா